ஏழுமலைக் கடைவீதியில் எது அசல்?

சித்தூரிலிருந்து 11 கி.மீ. தொலைவில், பாகுதா நதிக்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். வரசித்தி விநாயகர் எழுந்தருளியிருக்கும் இந்த ஊருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இந்தச் சன்னிதியில் நின்று பொய் சொல்ல யாரும் துணிவதில்லை என்பதுதான் அது. கடனை வாங்கிவிட்டு வாங்கவே இல்லை என்று சாதிப்பவர்கள், பாகப் பிரிவினையில் பகை கொண்ட அண்ணன் தம்பிகள், குடிப்பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று வீட்டாரிடம் சொல்லி நம்பிக்கை பெறாதவர்கள் எல்லோரும் இங்கே அழைத்து வரப்படுகிறார்கள். கோயில் குளத்தில் முழுகி, ஈர உடையோடு சன்னிதியில் நின்று பிரமாணம் செய்கிறார்கள். கோர்ட்டில் தீராத வழக்குகூட இங்கே தீர்ந்துவிடும் என்பது சித்தூர் வட்டார மக்களின் நம்பிக்கை.

வழக்குக்கு இப்படி ஒரு சன்னிதி இருக்கிறது. ஆனால் கடைவீதிக்கு அப்படி ஒன்று இல்லையே! காணிப்பாக்கத்தில் விநாயகரைத் தரிசித்துவிட்டு, சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பதிக்குப் போய் மலையேறி, இறங்கும் வழியில் காளஹஸ்தியையும் பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களின் பைகளில் என்னென்ன இருக்கும்? லட்டு இருக்கும், ஒரு பொட்டலம் காப்பித்தூள் இருக்கும், கலம்காரித் துணி ஒன்று இருக்கும், கொலுவுக்கென்று ஒரு ஜோடி மரப்பாச்சியும் இருக்கும். இவற்றில் எது அசல், எது போலி? அசலை உண்டாக்கும் கைகள் எப்படி இருக்கின்றன? இதை அறிந்துகொண்டு வாங்குவது, சுற்றுலாவின் இன்பத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.

ஊர்ப் பெயரும் ஊற்றுக் கிணறும்

பாக்கம் என்று முடியும் ஊர்ப் பெயர்கள் தொண்டை நாடு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. சென்னைக்குள்ளேயே நுங்கம்பாக்கம், சேப்பாக்கம் என்று பல உண்டு. காணி என்பது நில அளவு. ஆனால் கோயிலின் தலபுராணம் வேறு விளக்கம் தருகிறது. பார்வையற்றவர், பேச்சற்றவர், செவிப்புலன் அற்றவர் என மூன்று சகோதரர்கள் வறண்டுபோன கிணற்றைத் தோண்டினார்களாம். மண்வெட்டி ஒரு கல்லில் பட்டு இரத்தம் பெருகியதாம். அந்த நீர் பட்டதும் மூவரின் குறையும் நீங்கியதாம். ஊரார் உடைத்த தேங்காய்களின் இளநீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது புராணம். முதலாம் குலோத்துங்க சோழன் கோயிலைக் கட்டினான் என்றும், பின்னர் விஜயநகர மன்னர்கள் அதை விரிவாக்கினார்கள் என்றும் கோயில் வரலாறு கூறுகிறது. விநாயகர் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறார். சுற்றிலும் இன்றும் நீர் இருக்கிறது. திருவுருவம் வளர்ந்துகொண்டே போகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. முன்பு ஒரு பக்தர் அளித்த வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்று அதைச் சான்றாகக் காட்டுவார்கள்.

விநாயக சதுர்த்தியில் தொடங்கும் பிரமோற்சவம் 21 நாட்கள் நடைபெறும். அந்த நாட்களில் தெலுங்கு வீடுகளில் உண்ட்ராள்ளு படைப்பார்கள். தமிழ் வீட்டுக் கொழுக்கட்டைக்கு அது உடன்பிறந்த தங்கை. இந்த மாவட்டத்தில் இரண்டு மொழிகளின் சமையலும் இப்படித்தான் ஒரே அடுப்பில் வேகின்றன. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1911ல் வட ஆற்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் தாலுகாக்களைச் சேர்த்துத்தான் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது ஆந்திராவோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. கோடு மாறியது, ஆனால் கோட்டின் இருபுறமும் அடுப்பில் ஏறும் பானை மாறவில்லை.

களியும் கிளிமூக்கும்

சித்தூர், மதனப்பள்ளி பக்கத்துக் கிராமங்களில் உழைப்பாளியின் உணவு சங்கடி. வட ஆற்காட்டுக்காரர்களும் தருமபுரிக்காரர்களும் களி என்று சொல்வதுதான் அது. அரிசியையோ நொய்யையோ குழைய வேகவைத்து, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைப்பார்கள். கிண்டுபவரின் தோள்வலிமைக்கு அது ஒரு பரீட்சை. தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழிக் குழம்பு, வேர்க்கடலைச் சட்னி, புளிச்சகீரை, கடைந்த பருப்பு ஆகிய எதுவும் பொருந்தும். புளிச்சகீரைக்குத்தான் தெலுங்கில் கோங்கூரா என்று பெயர். மிளகாய்க் காரம் மட்டும் தமிழ் நாக்குக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

ஏழை உணவு என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட கேழ்வரகை இன்று டாக்டர்களே சிபாரிசு செய்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. ஐக்கிய நாடுகள் சபை 2023ம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, பெரிய ஓட்டல்களின் பட்டியலிலும் சங்கடிக்கு இடம் கிடைத்துவிட்டது.

காணிப்பாக்கம் செல்லும் சாலையின் இருபுறமும் கரும்பையும் மாந்தோப்புகளையும் காணலாம். சித்தூர் வெல்லம் பெயர் பெற்றது. மாம்பழத்தில் இந்த மாவட்டத்தின் தனி அடையாளம், நுனி வளைந்த கிளிமூக்கு. தோத்தாபுரி என்றும், பெங்களூரா என்றும் இதனை அழைப்பர். அப்படியே கடித்துச் சாப்பிடுவதைவிடக் கூழாக்கி டின்னில் அடைப்பதற்கே இது அதிகம் பயன்படுகிறது. சித்தூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்து மாங்கூழ் வெளிநாடுகளுக்கும் குளிர்பானக் கம்பெனிகளுக்கும் போகிறது. ஆனால் பாட்டிலில் மாம்பழச் சாறு குடிப்பவருக்கு அந்தப் பழத்தை விளைத்தவரின் கவலை தெரிவதில்லை. 2025ல் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தபோது, கிலோவுக்குத் தொழிற்சாலை 8 ரூபாயும் அரசு மானியமாக 4 ரூபாயும் சேர்த்து 12 ரூபாய் கிடைக்கும்படி ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. சாலையோரத் தள்ளுவண்டியில் விவசாயியிடமே ஒரு கூடை பழம் வாங்குவது, அந்த வகையில் ஒரு சிறு நன்றிக் கடனாகும்.

கல்லில் எழுதிய பண்டங்கள்

திருமலை, கோயில் மட்டுமன்று. அது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மலை ஊர். 1944ல் முதல் மலைப்பாதை திறக்கப்படும் வரை நடந்தோ டோலியிலோதான் மேலே போக முடியும். இப்போதும் அலிப்பிரி வழியாக 3,500க்கும் மேற்பட்ட படிகளை ஏறிச் செல்வோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இந்த மலையின் சமையல் எவ்வளவு பழையது என்பதற்குக் கோயில் சுவர்களே சாட்சி. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தால், யார் எவ்வளவு நிலமோ பொன்னோ கொடுத்தார்கள், அதிலிருந்து எந்த நாளில் எந்தப் பண்டம் படைக்க வேண்டும், படைத்ததில் யாருக்கு எவ்வளவு பங்கு என்றெல்லாம் கணக்காக எழுதியிருக்கிறது. அப்பம், அதிரசம், வடை, சுகியன், மனோகரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் இன்று திருப்பதி என்றவுடன் நினைவுக்கு வரும் லட்டு, அந்தப் பண்டங்களுக்கு மிகவும் இளையது. லட்டு நிவேதனம் 1715ல் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. இன்றைய வடிவம் 20ம் நூற்றாண்டில் உருவானது.

லட்டு தயாராகும் மடைப்பள்ளிக்குப் போட்டு என்று பெயர். எதை எவ்வளவு போடவேண்டும் என்ற கணக்குக்குத் திட்டம் என்று பெயர். பரவலாக வெளியாகியுள்ள கணக்கின்படி 5,100 லட்டுகளுக்குச் சர்க்கரை 400 கிலோ, கடலை மாவு 180 கிலோ, நெய் 165 கிலோ, முந்திரி 30 கிலோ, திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ ஆக மொத்தம் 803 கிலோ. வீட்டில் செய்து பார்க்க விரும்பும் இல்லத்தரசிகள் ஒன்றைக் கவனிக்கலாம். மாவின் எடைக்கு ஏறத்தாழச் சமமான நெய். மாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சர்க்கரை. கைக்கு எண்ணெய்ப் பிசுக்கு வராமல், அதே சமயம் பல நாள் கெடாமல் இருப்பதன் இரகசியம் இந்த அளவில் இருக்கிறது. 1984 வரை விறகு அடுப்பில் வெந்த பூந்தி, அதன் பிறகு காஸ் அடுப்புக்கு மாறியது. 2009ல் திருப்பதி லட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வைத்து வேறு யாரும் லட்டு விற்க முடியாது.

பெயருக்குக் காவல் போட்டாயிற்று. பொருளுக்கு? 2024 செப்டம்பரில் நெய்யின் தரம் பற்றிய சர்ச்சை நாட்டையே உலுக்கியது. அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி சி.பி.ஐ., மாநிலப் போலீஸ், உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அதிகாரிகளைக் கொண்ட சிறப்பு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கல்வெட்டுக் காலத்தில் நெய்யின் அளவைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். தெய்வத்துக்குப் படைப்பதானாலும் மனிதர் கை வழியாகத்தானே வரவேண்டும்!

மலைமேல் பசித்தவருக்குச் சோறு போடும் தருமத்துக்கு ஒரு பெண்மணியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மதனப்பள்ளிச் சீமையிலுள்ள தரிகொண்டாவில் 18ம் நூற்றாண்டில் பிறந்த வெங்கமாம்பா, இளமையிலேயே கணவனை இழந்தவர். ஊராரின் வசைக்கு அஞ்சாமல் தலையை மழிக்க மறுத்து, திருமலைக்கு வந்து தங்கி, தெலுங்கில் பாடல்கள் இயற்றி, யாத்திரிகர்களுக்கு அன்னமும் தண்ணீரும் வழங்கியவர். தேவஸ்தானத்தின் நித்திய அன்னதானத் திட்டம் 1985ல் தொடங்கியது. 2011ல் அவர் பெயரால் திறக்கப்பட்ட மாளிகையில் ஒரே நேரத்தில் சுமார் 4,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். சிறப்புத் தரிசனம் பெற்றவரும் தர்ம தரிசனத்தில் இரவெல்லாம் நின்றவரும் அங்கே ஒரே வரிசையில் அமர்கிறார்கள்.

மலையில் விளையாத காப்பி

மலை ஊர் என்றால் காப்பித் தோட்டம் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஏற்காட்டையும் குடகையும் பார்த்த பழக்கம் அது. சேஷாசல மலையில் காப்பி விளைவதில்லை. அரபிகா வகைக் காப்பிக்கு ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரமும், நல்ல மழையும், பெருமரங்களின் நிழலும் வேண்டும். சேஷாசலமோ வறண்ட காடு. கோடையில் இலை உதிர்த்து நிற்கும் மரங்களே இங்கு மிகுதி. ஆகவே திருப்பதியில் தரிசனம் முடித்து இறங்குபவர் ஆவலோடு வாங்கிக் குடிக்கும் டம்ளர் காப்பி, வேறு மலைகளின் கொடை. இந்தியாவில் விளையும் காப்பியில் சுமார் 70 சதவிகிதம் கர்நாடகத்தில் விளைகிறது.

ஆனால் ஆந்திராவுக்கென்று சொந்தக் காப்பி இல்லாமல் இல்லை. மாநிலத்தின் வட கோடியில், கிழக்குத் தொடர்ச்சி மலையிலுள்ள அரக்குப் பள்ளத்தாக்கிலும் பாடேருப் பகுதியிலும் மலைவாழ் மக்கள் தங்கள் சிறு நிலங்களில் காப்பி பயிரிடுகிறார்கள். சில்வர் ஓக் மர நிழலில் செடி வளர்கிறது. அந்த மரத்திலேயே மிளகுக் கொடியும் ஏறுகிறது. அரக்கு அரபிகாக் காப்பி 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. 2017ல் பாரிஸ் நகரத்தில் அரக்குப் பெயரில் ஒரு கடையே திறக்கப்பட்டது. மலைவாழ் மக்களிடம் கொட்டை வாங்குவதற்கு 1956ல் தொடங்கப்பட்ட கிரிஜன கூட்டுறவுக் கழகம் இருக்கிறது. இந்தக் கழகம் விற்கும் பொட்டலத்தை வாங்கினால், அந்தப் பணத்தில் ஒரு பகுதி தோட்டக்காரரின் குடிசைக்குப் போய்ச் சேரும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு அரக்குக் காப்பியை முதன்முதலில் ருசிக்கும்போது ஏதோ குறைவதுபோல் தோன்றலாம். குறைவது சிக்கரி. தமிழ்நாட்டு நாக்கு அதற்குப் பழகிவிட்டது. சிக்கரி கலந்தால் டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும், நிறம் தூக்கும், தூளும் குறைவாகச் செலவாகும். அளவோடு கலப்பதில் குற்றமில்லை. சட்டப்படி காப்பிக் கலவையில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு சிக்கரி என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டாக வேண்டும். சிக்கரி மலிவு, காப்பி விலை உயர்வு. ஆகவே 49 சதவிகிதச் சிக்கரியைக் காப்பி விலைக்கு வாங்கி ஏமாறாமலிருக்கப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது நல்லது.

பொட்டலம் இல்லாமல் அரைத்துத் தரும் கடையில் வாங்குவோருக்கும் ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அதன்மேல் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவவேண்டும். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி சில வினாடிகளில் நிறம் கக்கிக்கொண்டே கீழே இறங்கும். இந்தப் பரீட்சைக்குச் செலவும் இல்லை, பிரமாணமும் தேவையில்லை.

பொன்முகலிக் கரையில்

திருப்பதியிலிருந்து 40 கி.மீ.க்குள் காளஹஸ்தி. பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலம். கண்ணப்பர் கண்ணை அப்பிய ஊர் என்று தமிழ்ப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்த இடம். தமிழில் பொன்முகலி என்று வழங்கும் சுவர்ணமுகி ஆறு கோயிலை ஒட்டிச் செல்கிறது. அந்த ஆற்றை நம்பியே வளர்ந்தது கலம்காரி.

கலம் என்றால் எழுதுகோல். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, அதன்மேல் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டினால் கலம் தயார். விரலால் அழுத்தினால் சாயம் இறங்கும். துணியைத் தயார் செய்வதே ஒரு வேள்வி. கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் உருவத்தை வரைந்தபின் கறுப்புக் கோடுகளை எழுதுவார்கள். அந்தக் கறுப்பு, இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறப்போட்டு எடுத்த கசிமி. கலத்திலிருந்து இறங்கும்போது அது வெளிறித்தான் இருக்கும். கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டவுடன் கண்ணெதிரே கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைப் பூசி, சாயவேரும் பட்டையும் போட்ட கொப்பரையில் வேகவைப்பார்கள். மஞ்சளும் நீலமும் அதன் பிறகு. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே ஓடும் நீரில் அலச வேண்டும். ஒரு பெரிய இராமாயணத் திரைச்சீலை முடிய மாதக் கணக்கில் ஆகும்.

ஒருகாலத்தில் கோயில்களுக்குத் தேர்ச்சீலையும் திரைச்சீலையும் எழுதிய இந்தக் கலை, 20ம் நூற்றாண்டின் நடுவில் அழிந்துபோகும் நிலைக்கு வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களின் இறுதியில் காளஹஸ்தியில் பயிற்சிக் கூடம் அமைக்கப்பட்டது. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பழைய கலைஞர்கள் அங்கே ஆசிரியர்களானார்கள். அந்த மரபில் வந்த ஜொன்னலகட்டா குரப்பச் செட்டிக்கு 2008ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் இதற்கு உறவுண்டு. காவிரிப் படுகையில் கோயில்களுக்குத் தொம்பையும் குடையும் எழுதும் கருப்பூர்க் கலம்காரி 2021ல் புவிசார் குறியீடு பெற்றது.

இன்று காளஹஸ்திக்கு எதிரி மறதியன்று, போலி. ஒரே வடிவத்தை யந்திரத்தில் ஆயிரம் கஜம் அச்சடித்து, கலம்காரி என்று பெயர் சூட்டிக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். மாதக் கணக்கில் எழுதியவர் அந்த விலைக்கு எப்படிக் கொடுப்பார்? ஆற்றிலும் நீர் ஓடாத மாதங்களே மிகுதி. அலசுவதற்கு ஆழ்குழாய்க் கிணற்றை நம்ப வேண்டியிருக்கிறது. மச்சிலிப்பட்டினம் பக்கத்தில் மரக்கட்டை அச்சால் செய்யும் கலம்காரி உண்டு. அது போலியன்று, வேறொரு மரபு. காளஹஸ்தியின் கைவேலையை அறிய விரும்புபவர் இரண்டு மலர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும். அச்சு என்றால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கைவேலை என்றால் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். புதுத் துணியில் பாலும் கடுக்காயும் கலந்த ஒரு வாடையும் இருக்கும். அந்த வாடையை முகம் சுளித்து ஒதுக்க வேண்டாம்; அதுதான் முத்திரை.

மரப்பாச்சியின் விலை

மகளுக்குக் கல்யாணம் என்றால் சீர்வரிசையில் ஒரு ஜோடி மரப்பாச்சி வைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அடுத்த நவராத்திரியில் அந்த ஜோடிதான் கொலுப்படியில் முதலில் ஏறும். திருப்பதிக்குப் போய்வந்த பாட்டிமார்கள் பேரக் குழந்தைகளுக்கு வாங்கி வந்த பொம்மையும் அதுவே. குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை, உடம்புக்கு நல்லது என்பார்கள். அசல் மரப்பாச்சி செம்மரத்தில் கடைந்தது. செஞ்சந்தனம் என்று பெயரிருந்தாலும் சந்தனத்தின் மணம் இதற்கில்லை. நிறம்தான் இதன் செல்வம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம்.

உலகத்திலேயே இந்த மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை ஆகிய குன்றுகளே இதன் வீடு. பாறை மண்ணில் மெதுவாக வளர்ந்து, நடுவைரம் சிவந்து முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். ஜப்பானில் இசைக் கருவிகளுக்கும் சீனாவில் நாற்காலி மேஜைகளுக்கும் இந்த மரத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது. அதனால் வந்தது வினை. 1995ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. 2010ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016ல் ஆந்திர வனச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாயிற்று. அப்படியும் கடத்தல் முற்றிலும் நிற்கவில்லை.

இந்தக் கதையில் தமிழர்கள் மறக்கமுடியாத நாள் ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7ந் தேதி, திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் அதிரடிப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டவர்; திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். வாதம் எதுவானாலும், மரத்தை விற்றுக் கோடி சேர்த்தவர்கள் அந்தக் காட்டில் கிடக்கவில்லை. மலையில் வேலையில்லாமல், தரகனின் முன்பணத்துக்குக் கோடரி பிடித்தவர்கள்தான் கிடந்தார்கள்.

காட்டைக் காப்பது தேவை. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதன் சுமை செதுக்குக் கலைஞரின் மேலும் விழுகிறது. காளஹஸ்திக்கு அருகிலுள்ள மாதவமாலை கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக மரம் செதுக்குகிறவர்கள் வாழ்கிறார்கள். ஒரு பொம்மைக்கு வேண்டியது கையகலத் துண்டு. கப்பல் ஏறுவது டன் கணக்கான கட்டை. ஆயினும் சந்தேகக் கண் இரண்டின் மேலும் ஒன்றுபோலவே படுகிறது. ஆகவே வேம்பு, தேக்கு முதலிய மரங்களில் தெய்வ உருவங்களும் கதவுச் சிற்பங்களும் செதுக்கிப் பிழைக்கிறார்கள். உளி அதே உளி. கை அதே கை. வேம்பில் செதுக்கிய வேங்கடேசப் பெருமாள் எந்த விதத்தில் குறைந்தவர்?

கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும் சிவப்புப் பொம்மைகளில் பல, சாதாரண மரத்தில் சாயம் ஏற்றியவை. செம்மரத்தின் நிறம் குளிர்ந்த தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. ஈரத் துணியால் துடைத்த உடனே சிவப்பு ஒட்டிக்கொண்டால் அது சாயம் என்று அறியலாம். அப்படிப்பட்டதைக் குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது. அசல் செம்மரப் பொம்மைதான் வேண்டுமென்பவர், ஆந்திர அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சிக் கழகத்தின் லேபாக்ஷி விற்பனை நிலையத்தில் இரசீதோடு வாங்குவது நல்லது. தெருவில் ஒருவர் இரகசியமாக நீட்டும் கட்டையை வாங்குவது, எவ்வளவு மலிவானாலும், சட்டத்துக்கும் காட்டுக்கும் துரோகம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்போர், முன்கூட்டியே அனுமதி விதிகளை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம், அதிகாரம், விலை இவையெல்லாம் பெரியவர்களின் விவகாரம். வாங்குபவருக்கு இருப்பது சிறிய அதிகாரம். ஆனால் அது உண்மையான அதிகாரம். எதனால் செய்தது, யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டினாலே போதும். அந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்பவர் பெரும்பாலும் செய்தவராகவே இருப்பார். சங்கடி கிண்டும் அம்மாளிலிருந்து கலம் பிடிக்கும் கலைஞர் வரை, தங்கள் வேலையைப் பற்றிப் பேசத் தயங்குபவர் இந்தச் சீமையில் குறைவு. வேம்பிலோ செம்மரத்திலோ, அறிந்து வாங்கிய ஒரு ஜோடி மரப்பாச்சி இந்த நவராத்திரியில் கொலுப்படி ஏறினால், சுண்டல் வாங்க வரும் குழந்தைகளுக்குச் சொல்ல அதனிடம் ஒரு மலையின் கதையே இருக்கும்.